குரூப் 4 சதவீதக் கையேடு: குறுக்குவழி சரி, ‘எதன்மேல்’ எங்கே போச்சு?

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டுத் தொங்கும் தேர்வுக் கையேடுகளில் ஒன்று இது. 64 பக்கம், 90 ரூபாய், முழுக்க முழுக்கச் சதவீதக் கணக்கு. தயாரித்தவர் பெயர் அட்டையில் இல்லை. யாரோ ஒரு பயிற்சி வகுப்பில் எழுதிப்போட்ட நோட்ஸ்தான் என்பது படித்தாலே தெரியும். “மீதி நாளைக்கு” என்ற வரியைக்கூட எடுக்காமல் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்.

சதவீதத்துக்கு மட்டும் தனியாக ஒரு கையேடு வேண்டுமா என்றால், வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4-இல் 200 கேள்விக்கு 3 மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 நொடி. கால்குலேட்டர் கிடையாது. திறனறிவுக்கு என்று ஒதுக்கிய 25 கேள்விகளில் சதவீதம் தனித் தலைப்பு. தனி வட்டியும் கூட்டு வட்டியும் வேறு தலைப்பில் வந்தாலும் உள்ளே நடப்பது சதவீதம்தான். இங்கே கை பழகிவிட்டால் நாலைந்து கேள்விக்கான நேரம் மிச்சமாகும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 5-ஆம் பக்கத்துப் பின்ன அட்டவணை ஒன்றுக்கே 90 ரூபாய் தகும். 50 = 1/2, 25 = 1/4 என்று எல்லாருக்கும் தெரிந்ததோடு நிறுத்தாமல், 12½ = 1/8, 37½ = 3/8, 62½ = 5/8, 6¼ = 1/16, 33⅓ = 1/3, 16⅔ = 1/6, 8⅓ = 1/12 வரை வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். 640-இல் 37½ சதவீதம் என்று கேட்டால் 37.5-ஐ 640-ஆல் பெருக்கி, புள்ளி வைத்து, நூறால் வகுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். எட்டில் ஒரு பங்கு 80, அதை மூன்றால் பெருக்கினால் 240. பேனா தாளைத் தொடும் முன்பே விடை வந்துவிடும். பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் இடமாற்ற உத்தியும் இருக்கிறது: 25-இல் 64 சதவீதமும் 64-இல் 25 சதவீதமும் ஒன்றுதான், விடை 16. கொடுத்த இரண்டு எண்ணில் எது சுலபமான பின்னமாக மாறுமோ அதைச் சதவீதமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே பக்கத்தில்தான் அச்சும் சொதப்புகிறது. மூலப் பிரதியில் 16⅔ என்று சரியாக இருந்திருக்க வேண்டும். டைப் செய்தவர் ‘16’க்கும் ‘2/3’க்கும் நடுவே இடைவெளி விடாததால் அது ‘162/3’ ஆகிவிட்டது. 162-ஐ மூன்றால் வகுத்தால் மிச்சமில்லாமல் 54 வருவதால், படிக்கிற பிள்ளைக்குச் சந்தேகமே வராது. 54 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடும். ‘331/3’, ‘81/3’ இரண்டும் இதே கதைதான். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த பிரதிகளில் தசமப் புள்ளியும் மங்கி, 12.5 என்பது 125-ஆகத் தெரிகிறது. வாங்கிய உடனே அட்டவணை முழுவதையும் பேனாவால் திருத்திக்கொள்வது நல்லது. சதவீதமாக வரும் விடை 100-க்கு மேல் போனால், அது கூடுதலைக் கேட்கும் கணக்கா, மொத்தத்தில் ஒரு பங்கைக் கேட்கும் கணக்கா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் பாதித் தவறு அங்கேயே பிடிபடும்.

அடுத்த பகுதி மூவகைக் கணக்கு: பங்கைக் கேட்பது, சதவீதத்தைக் கேட்பது, மொத்தத்தைக் கேட்பது. முதல் இரண்டையும் கையேடு நன்றாகவே நடத்துகிறது. மூன்றாவதில்தான் டெல்டாப் பிள்ளைகள் மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளும் சறுக்குவார்கள். நெல்லை அரைத்தால் பச்சரிசிக்கு 67 சதவீதம் என்பது அரசுக் கொள்முதலில் வைத்திருக்கும் கணக்கு. 134 கிலோ பச்சரிசி வேண்டுமானால் எத்தனை கிலோ நெல் அரைக்க வேண்டும்? குறைகிற 33 சதவீதத்தை 134-உடன் கூட்டி 178 என்று எழுதுவார்கள். அந்த 33 நெல்லின் மேல் கணக்கிட்ட 33. அரிசியின் மேல் அல்ல. 67 சதவீதம் 134 என்றால் ஒரு சதவீதம் 2, நூறு சதவீதம் 200 கிலோ. சரிபார்ப்பதும் சுலபம்: 178-இல் 67 சதவீதம் எடுத்தால் 119 சொச்சம்தான் வரும். கையேடு இந்த ‘ஒரு சதவீதம் எவ்வளவு’ வழியைக் காட்டாமல் நேரே சூத்திரத்துக்குப் போய்விடுகிறது. சூத்திரம் மறந்தால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் மறக்கவே ஒன்றுமில்லை.

தேர்வில் அடிக்கடி வரும் தேர்ச்சிக் கணக்கும் இதே வழிக்குள் அடங்கிவிடும். 30 சதவீதம் எடுத்தவர் 15 மதிப்பெண்ணில் தோற்கிறார், 40 சதவீதம் எடுத்தவர் தேவைக்கு மேல் 35 எடுக்கிறார். இருவருக்கும் நடுவே 10 சதவீதம், அது 50 மதிப்பெண். அப்படியானால் மொத்தம் 500, தேர்ச்சிக்கு 165. இதற்குக் கையேட்டில் சமன்பாடு போட்டு ஒன்பது வரி எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை.

தொடர் தள்ளுபடிப் பகுதி கச்சிதம். பட்டுச் சேலைக்கு 20 சதவீதம் போக இன்னும் 10 சதவீதம் என்றால் 30 அல்ல, 28. இரண்டாவது தள்ளுபடி விழுவது மிச்சமிருக்கும் 80-இன் மேல்தான். a + b + ab/100 (a, b இரண்டும் அடுத்தடுத்த சதவீதங்கள்) என்ற சூத்திரத்தைத் தந்து, தள்ளுபடி என்றால் கழித்தல் குறி போட வேண்டும் என்று அடிக்கோடும் போட்டிருக்கிறார்கள். இந்தச் சூத்திரத்தில் விழும் தவறு எப்போதும் குறியில்தான்: −20, −10 இரண்டையும் பெருக்கினால் +200, ஆகவே +2. அதையும் கழித்தலாக்கி 32 என்று எழுதுகிறவர்களே அதிகம். ஒரே விலைக்கு விற்ற இரண்டு ஆட்டில் ஒன்றில் 20 சதவீதம் லாபம், மற்றதில் 20 சதவீதம் நட்டம் என்ற பழைய கணக்கும் இருக்கிறது. தலா 12,000-க்கு விற்றால் வாங்கிய விலை 10,000, 15,000. போட்டது 25,000, வந்தது 24,000, நட்டம் 4 சதவீதம். கையேடு விடையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 20-க்கும் 20-க்கும் சரியாகிவிடும் என்று ஏன் தோன்றுகிறது, ஏன் ஆகாது என்பதில்தான் பாடமே இருக்கிறது. நட்டம் கணக்கிட்ட 15,000 பெரியது, லாபம் கணக்கிட்ட 10,000 சின்னது.

இப்போது கையேட்டின் பெரிய ஓட்டைக்கு வரலாம். 38-ஆம் பக்கத்தில் ஒரு கணக்கு: “22 சதவீத ஈரப்பதமுள்ள 1,000 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை எவ்வளவு?” நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு, மழை பிடித்துக்கொண்ட வருஷம் மத்திய அரசு தளர்த்துவதும் உண்டு. ஆகவே கேள்வி நம்மூர்க் கேள்வி, தேர்ந்தெடுத்தவரைப் பாராட்டலாம். கொடுத்த விடைதான் தப்பு. 22-இல் 17 போனால் 5, ஆயிரத்தில் 5 சதவீதம் 50, விடை 950 கிலோ என்று போட்டிருக்கிறார்கள்.

சரியான வழி இது. காயும்போது போவது தண்ணீர் மட்டும். மாறாமல் நிற்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1,000 கிலோவில் தண்ணீர் 220, உலர்ந்த பொருள் 780. காய்ந்த பிறகும் அந்த 780 அப்படியே இருக்கும், ஆனால் இப்போது அது மொத்தத்தில் 83 சதவீதம். 780-ஐ 83-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 939.76 கிலோ. குறைவது 50 அல்ல, 60 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 950 என்ற விடையைச் சோதித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: அதில் 83 சதவீதம் 788½ கிலோ. எட்டரைக் கிலோ உலர்ந்த பொருள் களத்தில் எங்கிருந்து முளைத்தது? 40 கிலோ மூட்டைக் கணக்கில் பார்த்தால் 25 மூட்டை 23½ ஆகிறது, கையேட்டின்படி 23¾. கால் மூட்டைதானே என்று விட முடியாது, நூறு மூட்டைக்கு ஒரு மூட்டை உதைக்கும்.

இந்தத் தவறு கைப்பிசகு அல்ல. 22 சதவீதம் பழைய எடையின் மேல், 17 சதவீதம் புதிய எடையின் மேல். இரண்டுக்கும் அடி, அதாவது சதவீதம் எடுக்கும் அடிப்படை எண், வேறு. அடி வேறான இரண்டு சதவீதத்தை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து ஒரு அடியில் போடக் கூடாது. ‘எதன்மேல் இத்தனை சதவீதம்’ என்ற கேள்வியைக் கையேடு எந்தப் பக்கத்திலும் நேராகக் கேட்கவில்லை, அதனால்தான் தயாரித்தவரே இதில் மாட்டிக்கொள்கிறார். 41-ஆம் பக்கத்து மேட்டூர்க் கணக்கும் அப்படித்தான். முழு மட்டம் 120 அடி, இப்போது 100 அடி, அணையில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று கேட்டு 83⅓ என்று விடை தருகிறார்கள். அது உயரத்தின் சதவீதம். தண்ணீரைக் கேட்டால் கொள்ளளவின் மேல் பார்க்க வேண்டும்: முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), 100 அடியில் இருப்பு 65 டி.எம்.சி.யை ஒட்டி, அதாவது 70 சதவீதத்தைக்கூடத் தொடாது. நீர்த்தேக்கம் அடியில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருப்பதால் மேலடிகளில்தான் தண்ணீர் அதிகம் நிற்கிறது. மேட்டூர் நீர்மட்டத்தைக் காலைப் பேப்பரில் பார்த்து வளரும் ஊரில் இந்தக் கணக்கைத் தப்பாகப் போடுவது கொஞ்சம் உறுத்துகிறது.

அடிப்படை எண் மாறினால் சதவீதம் எப்படி மாறும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் நம் கையிலேயே இருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டியது 192 டி.எம்.சி.; உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75 டி.எம்.சி. அது 192-இன் மேல் 7.68 சதவீதம். 2007 தீர்ப்பில் தமிழகத்தின் மொத்தப் பங்காக இருந்த 419-இன் மேல் வைத்தால் 3.52 சதவீதம். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த கர்நாடகத்துக்கு அப்போது இருந்த 270-இன் மேல் வைத்தால் 5.46 சதவீதக் கூடுதல். தண்ணீர் ஒன்று, சதவீதம் மூன்று, மூன்றும் சரி. மேடையில் பேசுகிறவர் எந்த அடியை எடுத்தார் என்று பார்த்தால் அவர் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். அடுத்த பதிப்பில் இந்த ஒரு கணக்கைச் சேர்த்தாலே கையேட்டின் தரம் ஏறிவிடும்.

விலையேற்றக் கணக்குகள் பரவாயில்லை. விலை 25 சதவீதம் ஏறினால் செலவு ஏறாமலிருக்க 20 சதவீதம் குறைத்து வாங்க வேண்டும் என்பதை விளக்கியும் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. கணக்கில் மறுபடி அதே வழுக்கல்: 5 சதவீத வரி சேர்த்து ஹோட்டல் பில் 1,050 ரூபாய் என்றால், அதில் வரி எவ்வளவு? 1,050-இல் 5 சதவீதம் எடுத்து 52.50 என்று விடைப் பக்கம் சொல்கிறது. வரி போட்டது 1,000-இன் மேல், ஆகவே 50. வரி சேர்ந்த பில்லில் 5 சதவீத வரியைப் பிரிக்க 21-ஆல் வகுத்தால் போதும். வட்டிப் பகுதி நாலு பக்கம்தான், அவசரமாக முடித்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நேரே எடுக்கும் வழி (8,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் 20 ரூபாய்: முதல் வருஷ வட்டி 400, அதற்கு 5 சதவீதம்) இல்லாதது குறை.

யாருக்கு இது? அடிப்படை தெரிந்து வேகம் மட்டும் வராதவர்கள் வாங்கலாம். பள்ளிக் கணக்கை விட்டு வருஷக்கணக்கானவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம். சமச்சீர் 7-ஆம் வகுப்பு மூன்றாம் பருவத்துச் ‘சதவீதமும் தனிவட்டியும்’, அப்புறம் 8-ஆம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’, இரண்டையும் போட்டு முடித்துவிட்டு இதற்கு வரலாம். அவற்றில் குறுக்குவழி குறைவு, ஆனால் நூறு கட்டத்தில் நிழலிட்டுக் காட்டுவதிலிருந்து தொடங்குவார்கள்.

வாங்கியவர்கள் பயிற்சிக் கணக்குகளை இந்த வரிசையில் போட்டால் பலன் கூடும்: முதலில் 5-ஆம் பக்கத்து அட்டவணையை மனப்பாடம், அடுத்து மொத்தத்தைக் கேட்கும் கணக்குகள், அதன்பின் தொடர் தள்ளுபடி. கேள்வியில் ‘சதவீதம்’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் அது எதன்மேல் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதிவிட்டு அப்புறம் கணக்கில் இறங்க வேண்டும். நெல்லா அரிசியா, பழைய எடையா புதிய எடையா. விடைப் பக்கத்தை 38, 41 இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. கணக்குக்கும் நம்ப வேண்டாம். கடையில் பிரித்துப் பார்த்து, தசமப் புள்ளி தெரிகிற பிரதியாகக் கேட்டு வாங்கவும். மங்கலான கட்டுதான் எப்போதும் முன்னால் தொங்கும்.