அரைநாள் பயிற்சி, பத்து நொடி மௌனம்

நான் நூலகத்தில் முன்மேசை வேலை பார்க்கிறேன். உள்ளே வருகிற யாரிடமும் முதலில் பேசுவது நான்தான். போன மாதம் எங்களில் 18 பேருக்கு, ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ளவர்களிடம் எப்படிப் பழகுவது என்று அரைநாள் பயிற்சி நடந்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் சேர்ந்து தாங்களே நடத்துகிற ஒரு சிறு குழுதான் நடத்தியது. இதே தலைப்பில் முன்பும் இரண்டு பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். நிபுணர் பேசுவார், திரையில் அறிகுறிகளின் பட்டியல் ஓடும், யாரைப் பற்றிப் பேச்சோ அவர்களில் ஒருவர்கூட அறையில் இருக்க மாட்டார். என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு, வயது 34. அவனுடைய அக்காவாகவும்தான் இதை எழுதுகிறேன்.

அறைக்குள் போனதுமே வித்தியாசம் தெரிந்தது. கண்ணைக் கூசும் குழல்விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கியிருந்தார்கள். வாசலில் மூன்று நிற அட்டைகள். பச்சை என்றால் வந்து பேசலாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், சிவப்பு என்றால் இப்போது வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் கூட்டங்களுக்காகத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட வழக்கம் இது. கைதட்டலும் கிடையாது, கைகளை உயர்த்தி விரல்களை ஆட்ட வேண்டும். நான் மஞ்சள் எடுத்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது.

முதலில் பேசியவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர். பக்கத்தில் உதவிக்கு ஒரு பெண். எங்களில் ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "இவர் எத்தனை வருஷமா இதைச் செய்யறார்?" என்று கேட்டார். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை, பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தார். பயிற்சியாளர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கையில் இரண்டு விரல் போனபிறகு சொன்னார்: "ஏழு வருஷம். என்கிட்டயே கேளுங்க."

அப்புறம் விளக்கினார். கேள்வி காதில் விழுந்து, பொருள் புரிந்து, பதிலைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் வேண்டும். நடுவில் நாம் அதே கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஜோடி ஜோடியாக உட்காரச் சொன்னார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் நாலாவது நொடியிலேயே "அதாவது..." என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் என் தம்பியிடம் "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் இருபது வருஷமாக நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் வாய் திறந்து மூடியதை எத்தனை முறை பார்த்திருப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவதாகப் பேசியவர் ஆட்டிசம் உள்ள பெண். லூசு, மெண்டல், மந்தம் என்று சீட்டுகளில் எழுதிப் பரப்பினார். பக்கத்திலேயே 'பாவம்', 'தெய்வக் குழந்தை' என்ற சீட்டுகள். வளர்ந்தவரைக் குழந்தையாக்கும் பாராட்டும் வசவு மாதிரியே முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கிறது என்றார். ஆட்டிசத்துக்குத் தமிழில் சொல்கிற 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்கவில்லை. "என் மதி இறுகிப்போகல" என்றார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1974இல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்களை ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் சலித்துப்போய், 'முதலில் நாங்கள் மனிதர்கள்' என்ற பொருளில் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்ததைச் சொன்னார். "உங்களுக்கு மத்தவங்க மனசு புரியாதாமே?" என்று ஒருவர் கேட்டபோது, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதற்கு 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று பெயரிட்டிருக்கிறார்.

சில பயிற்சிகளில் காதில் இரைச்சலை ஓடவிட்டு 'ஆட்டிசம் இப்படித்தான் இருக்கும்' என்று காட்டுவார்கள். இவர்கள் அதைச் செய்வதில்லை. ஐந்து நிமிடத்தில் கழற்றி வைக்கிற அனுபவத்திலிருந்து பரிதாபம்தான் வரும் என்றார்கள். எனக்கும் அது சரியாகப் பட்டது.

குறைகளும் உண்டு. வாயால் பேசாமல் படப்பலகை, டேப்லெட் வழியாகப் பேசுபவர்களுக்குக் கடைசிக் கால்மணி நேரமும் ஒரு வீடியோவும்தான். அப்படி ஒருவர் நேரில் வந்திருக்க வேண்டும். கையில் கொடுத்த எளிய வாசிப்புக் கையேடு அருமை, ஒரு கருத்துக்கு ஒரு சிறு வாக்கியம், பக்கத்தில் ஒரு படம். ஆனால் கருத்துப் படிவம் பொடி எழுத்தில் இரண்டு பக்கம்! அதை ஏன் அதே முறையில் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் உண்டா என்றும் கேட்டேன். மற்ற பயிற்சியாளர்கள் வாங்குகிற அதே தொகையாம். நினைவுப் பரிசோடு அனுப்பிவிடும் நிகழ்ச்சிகளைப் பார்த்திருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். குறைபாடு உள்ளவர்கள் பற்றிய தப்பெண்ணங்களை எதிர்க்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை 8ஆம் பிரிவு அரசுகளுக்குச் சொல்கிறது. அந்த வேலையை இவர்கள் பதினெட்டுப் பதினெட்டுப் பேராகச் செய்கிறார்கள்.

இதுபோன்ற குழுவைக் கூப்பிட நினைப்பவர்கள் முழுநாள் ஒதுக்குங்கள். மேலதிகாரிகளையும் உட்கார வையுங்கள். எங்களுடையவர்கள் வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த பயிற்சிக்கு உதவ வருகிறாயா என்று தம்பியிடம் நேற்றுக் கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை.