முகம் வரையும் சில்லுப் பெட்டி: தரம் 11 வகுப்புக்கு உதவுமா?

பெற்றோரின் இயல்புகள் பிள்ளைக்கு வருவதைச் சொல்லும் தலைமுறையுரிமைப் பாடத்துக்கென விற்கப்படும் பெட்டி இது. நீலச் சில்லு தந்தைக்கு, சிவப்புச் சில்லு தாய்க்கு. சில்லின் இரு பக்கங்களிலும் எதிருருக்களின் (ஒரே பரம்பரையலகின், அதாவது ஜீனின், மாற்று வடிவங்களின்) எழுத்துகள். இரண்டையும் சுண்டி, மேலே விழுந்த எழுத்துகளைச் சேர்த்தால் பிள்ளையின் ஓர் இயல்பு கிடைக்கும். எல்லா இயல்புக்கும் சுண்டி முடித்ததும் முகத்தை வரைய வேண்டும். ஒரே பெற்றோரை வைத்து நான்கு குழுக்கள் வரைந்தால் நான்கும் நான்கு முகம். பரம்பரையலகுகளைத் தாங்கும் 23 சோடி நிறமூர்த்தங்கள் பிரிவதால் மட்டும் ஒருவரிடம் 8,388,608 விதப் புணரிகள் (விந்து அல்லது முட்டை) உருவாகலாம் என்பதைக் கரும்பலகையில் எழுதுவதைவிட இது நன்றாகப் பதியும்.

பெட்டியின் மிகச் சிறந்த பாகம் பாலினச் சில்லு. சிவப்பில் இரு பக்கமும் எக்ஸ். நீலத்தில் ஒரு பக்கம் எக்ஸ், மறுபக்கம் வை. இரண்டு எக்ஸ் சேர்ந்தால் பெண், எக்ஸும் வையும் சேர்ந்தால் ஆண். ஐந்து பிள்ளைகளும் பெண்ணாகப் பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாயின் சில்லில் வேறு எழுத்தே இல்லை என்பதை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கிறார்கள். ஐந்தும் பெண்ணாவது 32இல் 1. ஆறாவதுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான்.

வழிகாட்டித் தாள்தான் கெடுக்கிறது. கலப்புப் பெற்றோரின் (இருவர் சில்லிலும் இரு வேறு எழுத்துகள்) 4 பிள்ளைகளில் 3 பேர் ஆட்சியுடைய, அதாவது மற்றதை மறைத்து வெளிப்படும், இயல்பைக் காட்டுவர் என்கிறது. அப்படிச் சரியாக 3:1 அமைய நிகழ்தகவு 64இல் 27, அதாவது 42 சதவீதம். நால்வரும் ஆட்சியுடைய இயல்போடு பிறப்பது 256இல் 81. தாளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குழுவும் நான்கு தடவை சுண்டி, வகுப்பு முழுவதன் எண்ணிக்கையைக் கூட்டச் செய்யுங்கள். கூட்டம் பெருகப் பெருகத்தான் விகிதம் 3:1ஐ நெருங்கும்.

அடுத்த பிழை பாரதூரமானது. நாக்கைச் சுருட்டுவதையும் காதுமடல் ஒட்டியிருப்பதையும் ஒற்றைப் பரம்பரையலகின் வேலையாகக் காட்டுகிறது. ஒத்த இரட்டையருக்குப் பரம்பரையலகுகள் ஒன்றே; ஆனால் 1952இல் ஆராயப்பட்ட 33 ஒத்த இரட்டையர் சோடிகளில் 7 சோடிகளில் ஒருவர் நாக்கைச் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. பெட்டியிலுள்ள இந்த இயல்பு அட்டையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளை, "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இல்லாதது எனக்கு எப்படி?" என்று கேட்டால் ஒரு குடும்பத்தில் வீண் சந்தேகம் விழும். அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துவிடுங்கள். சொந்தப் பெற்றோரின் இயல்புகளை வைத்துச் சுண்டவும் விடாதீர்கள்.

அவற்றுக்குப் பதில் குருதி வகை போதும். நீலத்தில் ஏ, ஓ. சிவப்பில் பி, ஓ என்று ஒட்டுங்கள். ஏ, பி, ஏபி, ஓ நான்கும் தலா நாலில் ஒரு பங்கு வாய்ப்போடு வரும். உயரத்துக்கும் ஒரே சோடி கொடுத்திருக்கிறார்கள். அது நெட்டை, குட்டை என்று இரண்டே வகை தரும். உண்மையில் நிறமூர்த்தங்களில் ஆயிரக்கணக்கான இடங்கள் சேர்ந்தே உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு நாணயம் ஓர் இடம் என வைத்து, பத்து நாணயங்களைச் சேர்த்துக் குலுக்கி, தலை விழுந்தவற்றை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து தலை 1024இல் 252 தடவை, பத்தும் தலை ஒரே தடவை. நாற்பது மாணவர்களின் விடைகளை வரைபடத்தில் இட்டால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும். சிறுவயதில் சாப்பாடு போதாத பிள்ளை தனக்கு விழுந்த சில்லு தரும் உயரத்தை எட்டாது என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கட்டாயம்.

எழுத்துகள் காகித ஒட்டிகள். நுவரெலியா ஈரத்தில் ஓரம் கிளம்பும், கிளம்பிய பக்கம் ஒருபோலவே விழும். தெளிவான ஒட்டுநாடாவை இரு பக்கமும் சுற்றி ஒட்டி, மூடியுள்ள டின்னில் வையுங்கள். மேசையில் சுண்டினால் பலகை இடுக்கில் ஓடிவிடும். சிரட்டையில் போட்டுக் குலுக்கிச் சாக்கின்மேல் கவிழ்ப்பது நல்லது. பெட்டி வாங்க வசதியில்லாத பாடசாலைக்கு, எழுத்து ஒட்டிய 5 ரூபாய் நாணயங்களே இதே வேலையைச் செய்யும்.