ஈரத்தில் போகாத ஹார்டு டிஸ்க்குக்கு 12,000 ரூபாய்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடைக் கணக்கு முழுவதும் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. ஆன்டிவைரஸ் கிளாம்ஏவி. செப்டம்பரில் ஷேர்டு ஃபோல்டர் திறக்கவே நேரம் எடுக்கிறது என்று கீழிருந்து ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தோம். "லாக் முழுசா ஓடட்டும் அண்ணா, எங்க இடிக்குதுன்னு பார்த்துடலாம்" என்றார். எதையோ மாற்றினார், டீ குடித்தார், மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்தார். அந்த லாக்கை, அதாவது புரோகிராம் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் ஃபைலை, பார்க்க அவர் வரவே இல்லை.

ஆறு வாரம் கழித்து, சரியாக இலைக் காசு போடும் நாளில் சர்வர் படுத்துவிட்டது. மறுபடி வந்த அதே சர்வீஸ்காரர், "டிஸ்க் போச்சு, இந்த ஊர் ஈரம் அப்படி" என்றார். ஐப்பசி மழையில் உப்பு ஜாடியே தண்ணீர் விடும் ஊர், எப்படி நம்பாமல் இருப்பது? டிஸ்க் 8,500, வந்து போன கூலி 3,500. பழைய டிஸ்க்கைக் கேட்டால், எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். விவசாயிகளுக்குக் காசு நான்கு நாள் தள்ளிப்போனது. திட்டு எல்லாம் எனக்கு.

டிசம்பரில் மறுபடியும் அதே கதை. போனில் மறுபடியும் அதே ஈரம். நல்லவேளை, லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் உட்கார்ந்து பார்த்தான். டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை, இடம்தான் நிரம்பியிருந்தது. ஒரே ஒரு லாக் ஃபைல் 20 ஜிபியைத் தாண்டி நின்றது!

கிளாம்டி என்பது கிளாம்ஏவியில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம். அதன் செட்டிங் ஃபைலில் லாக்கிளீன் 'எஸ்' என்று இருந்தது. அதாவது வைரஸ் இல்லாத ஃபைலுக்கும் ஒரு வரி எழுதும். லாக் பயங்கரமாகப் பெருகும் என்று அந்த ஃபைலிலேயே குறிப்பு உண்டு. லாக்ஃபைல்மேக்ஸ்சைஸ் 0, அதாவது அளவே கிடையாது. வழக்கமாக அது 1 எம்பி. போதாததற்கு மணிக்கொரு முறை முழு ஸ்கேன் வேறு. எங்களிடம் பழைய பில்களே மூன்று லட்சம் ஃபைல். புது டிஸ்க்கிலும் அதே செட்டிங்கை அப்படியே காப்பி செய்திருக்கிறார்.

லாக்கை அழித்தும் இடம் வரவில்லை. கிளாம்டி அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருந்ததால், அதை நிறுத்தி மறுபடி ஓட்டிய பிறகுதான் இடம் திரும்பியது. இப்போது லாக்கிளீன் 'நோ', அளவு 50 எம்பி, லாக்ரொட்டேட் (அளவு நிரம்பியதும் புது லாக் ஃபைல் தொடங்குவது) 'எஸ்', ஸ்கேன் இரவில் ஒரு முறை. லாக்ரொட்டேட்டை விட்டுவிட்டு அளவு மட்டும் வைத்தால், அந்த அளவு வந்ததும் லாக் எழுதுவதே நின்றுவிடும்.

உங்கள் சர்வரிலும் யாராவது "டிஸ்க் போச்சு" என்றால், காசை எடுப்பதற்கு முன் டிஎஃப் (df) கட்டளையைப் போட்டு எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பழைய டிஸ்க்கைக் கையில் வாங்காமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது செட்டிங்தானே அண்ணா, போன்லயே சொல்லியிருப்பேனே" என்றார்.