தடைக்காலத்தில் ஒரு எபிரேய வகுப்பு, 500 ரூபாய்க்குத் தகுமா?

மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15-ல் போட்டைக் கட்டிவிட்டால் ஜூன் 14 வரை, 61 நாள், வலையைச் சரிபார்ப்பதும் தூங்குவதும்தான் வேலை. இந்த வருஷம் மச்சான் விடாமல் இழுத்ததால் பாம்பன் பக்கம் ஒரு சபை மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நடந்த வேதாகம எபிரேய வகுப்பில், அதாவது பைபிளின் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட மொழியைப் படிக்கும் வகுப்பில், சேர்ந்தேன். எட்டு வாரம், நோட்டோடு சேர்த்து 500 ரூபாய்.

முதல் இரண்டு வாரம் வெறும் எழுத்து, தூக்கம்தான் வந்தது. மூன்றாம் வாரம் 'பென்' என்ற வார்த்தையை எடுத்தார்கள். மகன் என்று அர்த்தம், சரி, இதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தால், பஸ்கா பண்டிகைக்கான ஒரு வயது ஆட்டுக்குட்டி எபிரேயத்தில் 'ஒரு வருஷத்தின் மகன்', யோனா தீர்க்கதரிசிக்கு ஒரே ராத்திரியில் முளைத்த ஆமணக்கு 'ஒரு இரவின் மகன்', சவுல் ராஜா தாவீதைச் சாகவேண்டியவன் என்று சொல்லும் இடத்தில் 'சாவின் மகன்'. தீர்க்கதரிசிகளின் புத்திரர் என்று வாசித்து அவர்களுடைய அப்பன்மார் எல்லாம் தீர்க்கதரிசிகள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்வதாம்.

ஐந்தாம் வாரத்துக்கு மட்டுமே முழுப் பணத்தையும் கொடுக்கலாம். பாடம் 'எமுனா'. பைபிளில் ஆபகூக் புத்தகத்தில் நீதிமான் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்கிறோமே, அந்த வார்த்தை. பாடம் நடத்திய ஐயா ஆபகூக்கைத் திறக்கவே இல்லை, யாத்திராகமம் 17-ஐத் திறந்தார். அமலேக்கியரோடு சண்டை, மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்க, சூரியன் மறையும்வரை அவை ஒரே நிலையாய் இருந்தன, அங்கேயும் 'எமுனா'தான். மச்சானை எழுப்பி இரண்டு கையையும் தூக்கி நிற்கச் சொன்னார். ராத்திரி முழுக்க வலை இழுக்கிற கை, நாலு நிமிஷத்தில் நடுங்க ஆரம்பித்தது, அப்புறம் இரண்டு பேர் போய்த் தாங்கினார்கள். இதே வேரில்தான் ஆமென், பால்குடிக்கிற பிள்ளையைச் சுமக்கிறவனைச் சொல்லும் 'ஓமேன்', ரூத்தின் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்த நகோமிக்கு வரும் வார்த்தை, எல்லாம். அதுவரை விசுவாசம் என்றால் மனசுக்குள் நடக்கிற ஒன்று என்றுதான் இருந்தேன்.

குறையும் உண்டு. ஆறு மணி என்றால் ஆறே முக்காலுக்குத்தான் ஆரம்பம். 'பென்' என்பது கட்டுதல் என்ற 'பனா'விலிருந்து வந்தது என்று ஐயா முடிந்த முடிவாகச் சொன்னார், ஆதியாகமம் 16-ல் ஆபிராமின் மனைவி சாராய் பிள்ளை கிடைப்பதைக் கட்டப்படுவது என்று சொல்லும் பேச்சில் அந்தச் சிலேடை இருக்கிறதுதான், ஆனால் சத்தம் ஒத்துப்போனால் வேரும் ஒன்றாகிவிடுமா? எல்லாவற்றையும்விட மோசம் நோட்டு. மங்கிய ஜெராக்ஸ். 'பென்'னின் முதல் எழுத்தான பேத்தின் கீழ்க்கோடு வலப்பக்கம் பொடி வால் போல நீண்டிருக்கும், அது அழிந்தால் 'க' ஒலிக்கும் காஃப் எழுத்து ஆகிவிடும். என் நோட்டில் பாதி 'பென்', 'கேன்' ஆகிவிட்டது, அதற்கு 'அப்படியே' என்று அர்த்தம். ஒரு வாரம் முழுக்கத் தப்பாகவே படித்தேன். அச்சடித்த பிரதி கேட்டு வாங்குங்கள்.

மச்சான் அடுத்த தடைக்காலத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டான். முன்வரிசையில் மட்டும் உட்கார மாட்டானாம்.