'அண்ட்'டுக்கு முன்னால் கமா: போடுவதா, விடுவதா?

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை. ஒருமுறை வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் நிறங்கள் இப்படி வந்தன: "பிளாக், டேன், பிரவுன் அண்ட் ஒயிட்". நான்கு நிறம் என்று எடுத்துக்கொண்டோம். அவர்கள் கேட்டதோ மூன்று. கடைசியது பழுப்பும் வெள்ளையும் சேர்ந்த ஷூ. சாம்பிள் அனுப்பியபோதே தெரிந்ததால் தோல் வீணாகவில்லை.

ஆங்கிலப் பட்டியலில் கடைசி 'அண்ட்'டுக்கு முன்னால் கமா வேண்டாம் என்றுதான் வேலூரில் எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் அதுவே வழக்கம். அமெரிக்காவில் ஏபி செய்தி நிறுவனமும் எளிய பட்டியலில் விட்டுவிடச் சொல்கிறது. அங்கே புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு போடச் சொல்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகமும் போடுவதால் அதற்கு ஆக்ஸ்போர்டு கமா என்றே பெயர். "இட்லி, வடை அண்ட் காபி" என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. பணம் புழங்கும் இடத்தில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில், எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்ற சட்டப் பட்டியல், "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடிந்தது. 'ஆர்' (அல்லது) என்பதற்கு முன்னால் கமா இல்லை. அப்படியானால் அது விநியோகத்துக்காகப் பேக் செய்வதைத்தான் குறிக்கும், ஓவர்டைம் கிடையாது என்பது சரக்கை விநியோகிக்கும் எங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு பால் கம்பெனி டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018-ல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

தமிழில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. "கருப்பும் டேனும் பழுப்பும் வெள்ளையும்" என்றால் நான்கு. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஓர் 'உம்' உட்கார்ந்து எண்ணிக் காட்டிவிடுகிறது. அந்த 'உம்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் கடைசிக் கமாதான் செய்கிறது. அதனால்தான் நம்மவர்கள் அதைப் போட்டே எழுத வேண்டும் என்கிறேன், ஆர்டரிலும் ஒப்பந்தத்திலும் கட்டாயமாக.

ஒரே ஓர் இடத்தில் அது காலை வாரும். "ஐ மெட் த ஓனர், அன் இன்ஜினியர், அண்ட் த டிரைவர்" என்று எழுதினால், ஓனரே இன்ஜினியரா, அவர் வேறு ஆளா என்று தெரியாது. அங்கே கமாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். "அன் இன்ஜினியர், த டிரைவர், அண்ட் த ஓனர்" என்று வரிசையை மாற்றினால் மூன்று பேரும் தனித்தனியாக நிற்பார்கள்.