ஐப்பசி மழைக்கு எந்தப் பூ தாங்கும்?

ஆயுதபூஜைக்கு வாங்கிய செண்டுமல்லித் தொட்டியைத் தீபாவளி கழிந்ததும் பாருங்கள். அடுக்கு இதழ்களுக்குள் தண்ணீர் தங்கி, கனம் தாங்காமல் தண்டு சாய்ந்திருக்கும். பூவைப் பிய்த்தால் மேலே மஞ்சள் அப்படியே இருக்க, உள்ளே பழுப்பாக அழுகியிருக்கும். சாரல் அடிக்காத, வெயில் விழுகிற ஓரம் இருந்தால் வைக்கலாம். மொட்டைமாடிக்கு வேண்டாம்.

சாமந்தி விஷயம் கொஞ்சம் வேடிக்கை. பகல் குறுகினால்தான் மொட்டு கட்டும், ஆக அதற்குப் பருவம் இதுதான். ஆனால் வேரில் ஈரம் நின்றால் ஆகாது. மழை ஓய்ந்து மார்கழியில் வாங்குங்கள்.

உண்மையான போட்டி டிசம்பர் பூவுக்கும் வாடாமல்லிக்கும்தான்.

டிசம்பர் பூவுக்குக் காசே வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு குச்சி ஒடித்து நட்டால் போதும். ஊதா, வெள்ளை, ரோஸ், கோடு போட்டது என்று ரகம் உண்டு. வாசனை கிடையாது. இதழ் மெல்லிசு என்பதால் பெருமழையில் அன்றைய பூ போய்விடும், ஆனால் மொட்டுக்குப் பஞ்சமில்லை, அடுத்தடுத்து விரிந்துகொண்டே இருக்கும். தரையில் இடம் இருப்பவர்கள் யோசிக்காமல் இதை வைக்கலாம். தொட்டியில் இவ்வளவு செழிப்பு வராது.

தொட்டிக்கு வாடாமல்லி. நாம் பூ என்று நினைக்கும் அந்த ஊதா உருண்டை முழுக்கக் காகிதம் மாதிரி உலர்ந்த செதில்கள். விரலில் உரசினால் சரசரக்கும். நிஜப் பூ அந்தச் செதில்களுக்கு நடுவே கடுகளவு வெளிறி எட்டிப் பார்க்கும். ஊறி அழுக அதில் சதைப்பற்றே இல்லை, அதனால்தான் நாலு நாள் மழைக்குப் பிறகும் நிறம் மாறாமல் நிற்கிறது. தொட்டியின் அடித்துளை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி. ஒரே நிறம் சலிக்கிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. ஐப்பசியில் பூ வேண்டுமானால் ஆடிப்பட்டத்திலேயே விதைத்திருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் பூத்த செடியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலி இருக்கிறவர்களுக்குச் செங்காந்தள். இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்து ஏறும். மஞ்சளாக விரிந்து நாளாக ஆகச் சிவக்கும். அழகில் மற்ற நான்கும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. குழந்தையோ ஆடு மாடோ நடமாடும் வீட்டில் இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.