கையடக்க ஆக்சிஜன் மெஷின் வாங்கப் போகிறீர்களா? என் 62,000 ரூபாய் போனதைப் படித்துவிட்டுப் போங்கள்

வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். உட்கார்ந்திருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 93 சதவீதம் இருக்கும், கொஞ்சம் நடந்தாலே 84-க்கு இறங்கிவிடும். நடைப்பயிற்சியை விடக்கூடாது, நடக்கும்போது நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளட்டும் என்றார் நுரையீரல் டாக்டர். சிலிண்டரை இழுத்துக்கொண்டு அவரால் நடக்க முடியாது. அதனால் தோளில் மாட்டும் பேட்டரி மெஷின் தேடினேன். மருத்துவக் கருவி விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் "1 முதல் 5 லிட்டர்" என்று போட்டிருந்தார்கள்.

போனில் தெளிவாகவே கேட்டேன்: "நடக்கும்போது 2 லிட்டர் விடாமல் வருமா?"

"5 வரைக்கும் வரும் சார், 2 எல்லாம் ஒரு விஷயமே இல்லை. எங்க அப்பாவும் இதை மாட்டிக்கிட்டுத்தான் பார்க்குக்குப் போறார்."

அவருடைய அப்பாவே பயன்படுத்துகிறார் என்றதும் அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. 62,000 ரூபாயை உடனே அனுப்பினேன்.

மெஷினை 2-ல் வைத்து மொட்டை மாடியில் நடந்தார் அப்பா. தண்ணீர்த் தொட்டி வரை போவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. விரலில் ஆக்சிமீட்டர் 82. பதறிப்போய் 5-க்கு ஏற்றினேன், 85-ஐத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் மெஷினைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். அதில் இருக்கும் 1, 2, 3 எதுவும் லிட்டர் கணக்கு இல்லையாம், வெறும் செட்டிங் எண். மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் "புஸ்" என்று கொஞ்சம் வரும். மூச்சு வாங்கி வாயால் இழுத்தால் சில சமயம் அதுகூட வராது. சிலிண்டரில் 2 லிட்டர் வைத்து அங்கேயே நடக்க வைத்தார். 91-க்குக் கீழே போகவில்லை.

கடைக்குப் போன் செய்தால், "ஆக்சிமீட்டர் தப்பா காட்டும் சார்." மறுபடி செய்தால், "பிரித்த மெடிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது." அப்புறம் வேறொருவர், "டாக்டரைக் கேட்டு வாங்கியிருக்கணும்." அந்த "எங்க அப்பா" ஆள் இப்போது போனையே எடுப்பதில்லை. 62,000 ரூபாய்! அப்பாவின் பென்ஷன் சேமிப்பு அது.

வாங்குபவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். தொடர்ச்சியாக வருமா, மூச்சுக்கு மட்டும் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் அதே மெஷினை மாட்டி, ஆக்சிமீட்டரோடு நடக்க வைத்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுங்கள். மெஷினின் செட்டிங் எண்ணை நீங்களாக ஏற்றாதீர்கள், சிஓபிடிக்கு ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். 62,000 ரூபாயும் திரும்ப வரும்வரை விடப்போவதில்லை.